நானே தடையா? தோட்டத்து ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருபது வருடத்துக்கு மேலாக உபதேசியாராக இருக்கிறேன். 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் ஊழியம் தொடங்கிய காலத்து உபதேசிமார் மலை மலையாக நடந்தார்கள். நான் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போகிறேன். லயம் என்கிற வரிசை வீடுகளின் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பாய் விரித்து உட்கார்ந்து, பாட்டும் வேதவாசிப்பும் முடிந்து தேத்தண்ணீர் வரும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். அதில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சுற்றியே இருக்கும். "ஏதோ தடை இருக்குது ஐயா. கர்த்தர் என் வாழ்க்கையில ஒண்ணும் செய்ய மாட்டேங்கிறாரு."

இந்தச் சொல் எங்கள் பக்கத்தில் தப்பான ஆட்கள் தலையில் போய் விழுகிறது. உண்மையிலேயே தடையாக நிற்கிற ஆள் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. பாரம் சுமந்து களைத்த மனுசிதான் "என்னிடம் என்ன பாவமோ" என்று தன்னைத் தோண்டிக்கொண்டே இருக்கிறாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பெயர் எதுவும் போடவில்லை.

கடவுள் சர்வ வல்லவர்தானே? அவர் செய்யிறத நான் எப்படித் தடுக்க முடியும்?

இரண்டு பக்கமும் வேதத்தில் இருக்கிறது. "நீர் செய்ய நினைத்தது தடைபடாது" என்று யோபு கடைசியில் ஒத்துக்கொள்கிறார் (யோபு 42:2). அதே வேதத்தில் இயேசு எருசலேமைப் பார்த்து, கோழி தன் குஞ்சுகளைச் சேர்ப்பது போல உங்களைச் சேர்க்க எத்தனையோ தரம் ஆசைப்பட்டேன், உங்களுக்கோ மனதில்லாமல் போயிற்று என்கிறார் (மத்தேயு 23:37). சொந்த ஊரான நாசரேத்தில் சில நோயாளிகளைக் குணமாக்கியதைத் தவிர வேறு அற்புதம் அவரால் செய்ய முடியாமல் போனது என்று மாற்கு 6:5இல் வாசிக்கிறோம்.

ஊற்றுத் தண்ணீர் விழுகிற எங்கள் பீலியை நினைத்துப் பாருங்கள். மேலே குழாய் வாயில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் ஊற்று வற்றிப் போவதில்லை. தண்ணீர் பக்கத்தால் வழிந்து வேறு பள்ளத்தில் ஓடும். கீழே நம் குடம்தான் காலியாக இருக்கும். கடவுளுடைய நோக்கத்தை யாரும் நிறுத்த முடியாது. அது என் வாசலுக்கு வருவதை மட்டும் நான் தள்ளிவிட முடியும். பரிசேயர் தங்களுக்கே கேடாகத் தேவனுடைய ஆலோசனையைத் தள்ளிவிட்டார்கள் என்று லூக்கா 7:30 சொல்வது இதைத்தான்.

தேவனுடைய வேலைன்னா என்ன? ஊழியத்துக்குப் போறதா?

அதுவும் அதில் ஒன்று. ஆனால் இந்தப் பக்கத்தில் நான் சொல்வது, அவர் உங்களுக்குள் செய்கிற வேலையை. பொய் சொல்லிப் பழகிய வாய் ஒரு நாள் சொல்ல வந்த பொய்யை விழுங்கிக்கொள்வது, பதினைந்து வருடமாகப் பேசாத தம்பி வீட்டுப் பக்கம் கால் தானாகத் திரும்புவது, இதெல்லாம் அவருடைய வேலை. மேடையும் மைக்கும் இல்லாததால் நமக்குக் கண்ணில் படுவதில்லை.

நான் பெரிய பாவம் ஒண்ணும் செய்யல. குடிக்கிறதில்ல, சபைக்கும் தவறாம போறேன். எனக்கு என்ன தடை இருக்கப் போகுது?

நாசரேத்து ஜனங்களும் குடிகாரர்கள் என்று எழுதியிருக்கவில்லை. ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். "இவன் தச்சன் அல்லவா?" என்றார்கள். தெரிந்த ஆள், தெரிந்த குடும்பம், இனி இவன் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறான்! எனக்குத் தெரிந்தவரை, சபையில் வளர்ந்தவர்களிடம் அதிகமாக இருப்பது இந்தத் "தெரியும்". பிரசங்கத்தின் முதல் வரியைக் கேட்டதும் மூன்றாவது வரியை மனசுக்குள் சொல்லி முடித்துவிடுகிறோம்.

நாகமானையும் பாருங்கள் (2 இராஜாக்கள் 5). பெரிய தளபதி. தீர்க்கதரிசி வெளியே வந்து கையை அசைத்து ஏதாவது பெரிதாகச் செய்வார் என்று எதிர்பார்த்தான். யோர்தானில் ஏழு தரம் முழுகு என்று ஆள் அனுப்பியதும் கோபம் வந்து திரும்பிவிட்டான். வேலைக்காரர்கள்தான் சமாதானப்படுத்தினார்கள். உங்களிடமும் கடவுள் சின்ன வேலையைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். வாங்கிய மண்வெட்டியைத் திருப்பிக் கொடு. மருமகளிடம் "தப்பு என்னுடையது" என்று சொல். கண்ணீரோடு நாற்பது நாள் உபவாசம் இருக்க ஆயத்தமாக இருக்கிறவர்கள்கூட இந்த இரண்டுக்கும் ஆயத்தமில்லை.

நான் ஜெபிக்காத நாளே இல்லை. வானம் வெண்கலமா இருக்கு. ஏன்?

எல்லாத் தாமதமும் தடை இல்லை. தானியேல் ஜெபித்த முதல் நாளிலேயே அவருடைய வார்த்தை கேட்கப்பட்டது, ஆனால் பதில் வந்து சேர 21 நாள் ஆனது (தானியேல் 10:12, 13). தானியேல் ஒரு குற்றமும் செய்யவில்லை. பவுல் தன் மாம்சத்தில் குத்திய முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார். எடுக்கப்படவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் வந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், இதைக் கேட்டவர் ஓர் ஆண் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஜெபத்துக்குத் தடை வரும் என்று வேதம் விரலை நீட்டிச் சொல்கிற இடம் ஒன்று உண்டு: 1 பேதுரு 3:7. அங்கே பில்லி சூனியமோ உபவாசக் குறைவோ காரணமில்லை. புருஷன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்காததுதான் காரணம். எங்கள் தோட்டங்களில் இதற்கு ஒரு முகம் இருக்கிறது. ஆம்பளைகளுக்கு கவ்வாத்தோ (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) கான் வெட்டோ (வடிகால் வெட்டுவது) மத்தியானத்தோடு முடிந்துவிடும். பெண் மாலை வரை கொழுந்துக் கூடையோடு நின்றுவிட்டு வந்து அடுப்பையும் மூட்ட வேண்டும். அவள் உழைத்த சம்பளத்தைப் புருஷன் கையெழுத்துப் போட்டு வாங்குவது அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். இப்போது பணம் பேங்குக்குப் போகிற இடங்களில் கார்டு அவர் பையில் இருக்கிறது.

நான் அவரிடம் கேட்டேன்: "தம்பி, தங்கச்சியின் கார்டு யாரிடம் இருக்குது?" அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரு குடிக்கிறாரு. எனக்கு விசுவாசம் பத்தாததாலதான் அவரு மாறலைன்னு சொல்றாங்க. உண்மையா?

பொய். முதல் பதிலில் சொன்ன வசனத்துக்கு வாருங்கள்: "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று." இயேசு கூப்பிட்டும் மனதில்லாதவர்கள் இருந்தார்கள். அவருடைய விசுவாசம் போதாமலா அவர்கள் வரவில்லை? ஒரு மனிதனுடைய வாசலை அவனால் மட்டுமே அடைக்க முடியும், திறக்கவும் முடியும். தவறணைக்குப் (மதுக்கடைக்குப்) போகிற கால் உங்களுடையது இல்லை.

அவர் அடித்தால், பொறுத்துக்கொண்டு ஜெபம் பண்ணு என்று நான் சொல்ல மாட்டேன். சொன்ன காலம் உண்டு, அதற்கு வெட்கப்படுகிறேன். பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போங்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். விலகிப் போவது தேவனுடைய வேலைக்குத் தடை என்று யாராவது சொன்னால், சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடியதை வாசித்துக் காட்டுங்கள்.

மன்னிக்கச் சொல்றீங்க. அவங்க எங்களுக்குச் செஞ்சது உங்களுக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வி அனேகமாக ஒரு சுவரையோ கானையோ பற்றியதாக இருக்கும். நான் அறிந்த ஒரு லயத்தில் இரண்டு குடும்பம். இடையில் ஒரே ஒரு சுவர்தான். ஒருவர் இஸ்தோப்பை இழுத்துக் கட்டினார். மழைத் தண்ணீர் போகிற கான் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பியது. அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு குடும்பமும் ஒரே சபை, ஒரே திருவிருந்து. பதினோரு வருடம்! பிள்ளைகள் மட்டும் ஒளித்துப் பேசிக்கொண்டார்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனியே என்னிடம் கேட்டது: "எங்க வீட்டில சமாதானமே இல்ல, ஏன் ஐயா?"

காணிக்கை கொண்டுவரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு (மத்தேயு 5:23, 24). கவனித்தீர்களா, உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் தொடங்கவில்லை. அவனுக்கு உன்மேல். கான் யார் பக்கம் திரும்பியது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆனால் ஒன்று. மன்னிப்பது என்பது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வது ஆகாது. கான் திரும்பித்தான் இருந்தது, அதை வெட்டிச் சரிசெய்யத்தான் வேண்டும். கடைசியில் ஒரு பெருமழையில் இரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தபோதுதான் இரண்டு பேரும் ஒரே மண்வெட்டியோடு இறங்கினார்கள். என் பிரசங்கத்துக்கு அதில் பங்கில்லை.

நாள் முழுக்க மலையில நிக்கிறோம். ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தா தூக்கம் வருது. வேதம் வாசிச்சா எழுத்து ஓடுது. இதுவும் தடைதானா?

எனக்கு மிக நெருக்கமான கேள்வி இது. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்.

விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்குப் (காலையில் பேர் பதிகிற இடத்துக்குப்) போய், அட்டைக் கடியோடு சரிவில் நின்று 18 கிலோ, 20 கிலோ எடுத்தால்தான் பல தோட்டங்களில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று ஆனபோது, நிறையையும் கூட்டிவிட்டார்கள் என்ற குறையைப் பல லயங்களில் கேட்டேன். இனி யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை எடுங்கள். பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான், செங்கல் கணக்கை மட்டும் குறைக்க மாட்டேன் என்கிறான். கணக்குக் குறைந்ததற்கு அடி விழுகிறது. அடுத்த அதிகாரத்தில் மோசே வந்து, கர்த்தர் உங்களை விடுவிக்கப் போகிறார் என்கிறார். ஜனங்கள் கேட்கவில்லை. ஏன் என்று வேதமே காரணம் சொல்கிறது: மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் (யாத்திராகமம் 6:9).

இந்த ஜனங்களைக் கடவுள் திட்டினாரா? விசுவாசமில்லாதவர்கள் என்று விட்டுவிட்டுப் போனாரா? அடுத்த வசனங்களைப் பாருங்கள். மோசேயைத் திரும்பவும் பார்வோனிடம் அனுப்புகிறார். கேட்க முடியாத அளவுக்குக் களைத்தவர்களை விட்டுவிட்டு, களைக்க வைத்தவனிடம் போகச் சொல்கிறார். எலியாவுக்கும் அப்படித்தான். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவரை முதலில் தூங்கவிட்டார். எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டார். உபதேசம் அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கழித்து.

ஆகவே தங்கச்சி, தூங்குங்கள். "கர்த்தாவே" என்று தொடங்கி அடுத்த சொல் வருவதற்குள் கண் சொருகினால் அவருக்குத் தெரியும். (பாஸ்டர்மாருக்கு ஒரு வார்த்தை: வேலை நாளுக்கு முந்தைய இரவில் முழு இரவு ஜெபம் வைத்துவிட்டு, வராதவர்களை ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து குத்திக்காட்டாதீர்கள்.)

மண்சரிவு, வெள்ளம், வருத்தம் (நோய்) எல்லாம் நம்ம பாவத்தாலதானே? நாம தடுத்ததால கர்த்தர் காக்கல, அப்படித்தானே?

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த வாரமே ஒரு கூட்டத்தில், "அங்கே என்ன பாவம் இருந்ததோ" என்று ஒருவர் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். எழுந்து மறுத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது பேசுகிறேன்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா? அப்படி அல்ல என்றார் (லூக்கா 13:4, 5). பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றார். மீரியபெத்தையில் அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடத்துக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. ஆனாலும் ஜனங்கள் அந்தச் சரிவில்தான் இருந்தார்கள். போக வேறு இடம் இருக்கவில்லை. பாவத்தைத் தேடுகிறவர்கள் அந்தப் பக்கமாகத் தேடட்டும், மண்ணுக்குக் கீழே தேட வேண்டாம்.

தசமபாகம் ஒழுங்கா கொடுக்காததாலதான் கடன் தீரலைன்னு சொன்னாங்க. லோன்காரங்க ஒவ்வொரு கிழமையும் வாறாங்க. என்ன செய்யிறது?

தசமபாகம் கொடுக்காதது கடவுளைக் கொள்ளையிடுவது என்கிற மல்கியாவைக் காட்டியிருப்பார்கள். அதோடு உபாகமம் 14:28, 29ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வருடத்துத் தசமபாகம் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாவதற்கு. குழு லோனுக்கு ஒருவருக்கொருவர் பிணை நின்று, ஒரு லோனை அடைக்க இன்னொன்று எடுத்து, லோன்காரரின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்கதவால் போய்த் தேயிலைக்குள் உட்காருகிற பெண், கொடுக்கிற வரிசையிலா நிற்கிறாள், பெறுகிற வரிசையிலா? பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11-13). கடனைக் கட்டுவது கடவுளைக் கொள்ளையிடுவது ஆகாது.

சரி, உங்கள் பக்கத்தையும் பார்ப்போம். பிள்ளையின் சடங்குக்கு மண்டபம், வீடியோ, நாலு கறி என்று ஊருக்குக் காட்டுவதற்காக எடுத்த கடனா? அப்படியானால் தடை அங்கே இருக்கிறது, காணிக்கைப் பையில் இல்லை.

யாரோ செய்வினை வச்சிருக்காங்க. அதுதான் தடை. கட்டு அறுக்கிற ஜெபம் பண்ணுவீங்களா?

ஜெபம் பண்ணுவேன். சாத்தான் தன்னைத் தடுத்தான் என்று பவுலே எழுதியிருக்கிறார் (1 தெசலோனிக்கேயர் 2:18). ஆனால் ஜெபிப்பதற்கு முன் நாலாவது, ஆறாவது கேள்விகளின் பதிலை வாசித்துவிட்டு வாருங்கள். செய்வினை என்று வந்தவர்களில் அனேகம் பேர் ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்காரரை மனதில் குறித்துவிட்டுத்தான் வருகிறார்கள். என் ஜெபத்தை அந்தச் சந்தேகத்துக்கு முத்திரையாக வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்.

மாமியார் இன்னும் மாரியம்மனைத்தான் கும்பிடுறாங்க. திருவிழாவுக்கு வீட்டைக் கழுவச் சொல்றாங்க. ஒரே வீட்டில இருக்கிறதால என் ஆசீர்வாதம் தடைபடுமா?

வீட்டைக் கழுவுங்கள். சுத்தமான வீட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை.

நாகமான் குணமான பிறகு எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொன்னான். என் எஜமான் ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வான், நானும் குனிய வேண்டி வரும், கர்த்தர் இதை மன்னிப்பாரா? எலிசா நீண்ட உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார் (2 இராஜாக்கள் 5:18, 19). உங்கள் மாமியார் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால்தான் நீங்கள் மலைக்குப் போக முடிகிறது. அவர் கும்பிடுவது உங்களுக்குத் தடை ஆகாது. அவரை மதிக்காமல் விட்டால், அது தடைதான்.

குளிசை (மாத்திரை) எடுத்தா விசுவாசக் குறைவா?

இல்லை. என் அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). வெளியிலிருந்து வந்த ஒருவர் கூட்டத்தில், நம்புகிறவர்கள் குளிசையைத் தூக்கிப்போடுங்கள் என்றார். அம்மா போட்டார், பீலியடியில். எனக்குத் தெரியவந்தது மூன்று மாதம் கழித்து, காலில் புண் வந்தபோது. இரண்டு விரல் எடுக்க வேண்டியதாயிற்று.

எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னவர் தீர்க்கதரிசியான ஏசாயா (ஏசாயா 38:21). கிளினிக் நாளில் கிளினிக்குக்குப் போங்கள். ஜெபக்கூட்டம் மறுநாளும் இருக்கும்.

மகள் பாஸ் பண்ணியிருக்கா. பத்தனைக் கல்லூரிக்குக் கூப்பிட்டிருக்காங்க. எங்களுக்குப் பயம். கர்த்தருக்குச் சித்தம் இல்லைன்னு நினைக்கிறோம். நாங்க தடுக்கிறோமா?

ஆமாம், தடுக்கிறீர்கள். இந்தக் கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலையகத்துப் பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எத்தனையோ பேர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்து வந்தவர்கள். அதற்குள் போக உங்கள் பிள்ளை குப்பி விளக்கிலும் படித்திருப்பாள்.

பேதுருவும் அன்பினால்தான் இயேசுவைத் தடுத்தார்: "உமக்கு இப்படிச் சம்பவிக்கக் கூடாதே." அதற்கு என்ன பேச்சு வாங்கினார் என்று தெரியும்தானே (மத்தேயு 16:22, 23). பயம் இருக்கட்டும், பயத்தைப் பயம் என்றே சொல்லுங்கள். அதற்குக் கர்த்தருடைய சித்தம் என்று பெயர் வைக்காதீர்கள். கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவதாக இருந்தால் இவ்வளவு நாள் சித்தம் பார்த்திருப்பீர்களா?

எல்லாத்தையும் இழந்துட்டேன். வேலை, வீடு, கூட இருந்தவங்க. இது நான் தடுத்ததால வந்ததா, அவர் வெட்டுறதா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கனி கொடுக்கிற கொடியையும் இன்னும் கனி கொடுக்கும்படி சுத்தம் பண்ணுகிறார் என்று யோவான் 15:2. திராட்சைத் தோட்டம் நாம் பார்த்ததில்லை, கவ்வாத்து பார்த்திருக்கிறோம். உயர்ந்த மலைகளில் நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை, பச்சையாக நிற்கிற நல்ல தேயிலையைத்தான் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அன்றைக்கு அந்த மலையைப் பார்த்தால் செத்த காடு போல இருக்கும். புதுத் தளிர் வந்து மட்டம் வெட்ட எத்தனையோ வாரம் ஆகும்.

கவ்வாத்துக்காரர் ஒருவரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டேன். இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, கடும் வெயிலில் வெட்ட மாட்டார்கள். வேரில் சத்து இல்லாத தூரை வெட்டினால் செத்துப்போகும். இரண்டு, வெட்டு சாய்வாக, வழவழப்பாக இருக்க வேண்டும், பட்டை கிழியக் கூடாது. கிழிந்தால் தண்ணீர் இறங்கி அழுகும். மரம் விழுந்து முறிந்த தூரையும் கவ்வாத்து செய்த தூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூட வித்தியாசம் சொல்லும்.

நான் இதை அப்படியே மனிதருக்கு அளவுகோலாக வைக்கவில்லை. ஆனாலும் ஓரளவு உதவும். கிழிந்து முறிந்தது எல்லாவற்றையும் கடவுளுடைய கத்தி என்று சொல்லாதீர்கள். உங்களை ஏமாற்றியவன் ஏமாற்றியவன்தான். உங்கள் கோபத்தால் நீங்களே முறித்துக்கொண்டது இருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அவர் வெட்டியது எது என்று வெட்டிய அன்றைக்குத் தெரியாது. தளிர் வந்த பிறகு, திரும்பிப் பார்க்கும்போது சில நேரம் தெரியும். அதுவரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடியும்.

ரொம்ப வருஷம் தடுத்துட்டேன். வயசும் போச்சு. இனி என்ன?

யோனாவுக்குக் கர்த்தருடைய வார்த்தை இரண்டாந்தரம் வந்தது (யோனா 3:1). முதல் தரம் சொன்ன அதே ஊர், அதே வேலை. முப்பத்தெட்டு வருடம் வியாதியாக இருந்து குளத்தங்கரையில் கிடந்தவனிடம் இயேசு "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்டார். ஏன் இவ்வளவு நாள் என்று அவர் விசாரிக்கவில்லை. அவன்தான் தானாகக் காரணம் சொன்னான்.

இவ்வளவும் சொல்றீங்களே உபதேசியாரையா, உங்க தடை என்ன?

ஒரு பெரியம்மாதான் கேட்டார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. எல்லாரும் சிரித்தார்கள்.

என் தடை என் வாய். சில வருடத்துக்கு முன் மேல் லயத்தில் ஒருவரின் மகன் மோட்டார்சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போனேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் யோபுவைத் திறந்துவிட்டேன். முக்கால் மணி நேரம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததும் அதே யோபுவில்தான் இருக்கிறது, இரண்டாம் அதிகாரத்தில். அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் நான் திறந்தேன். அவர் அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை. தடை அவருக்கு என்று பேசிக்கொண்டார்கள், நானும் சும்மா இருந்துவிட்டேன்.

போன மார்கழியில் திரும்பவும் போனேன். தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். வேறு ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்பும்போது, மகனுடைய காற்சட்டை ஒன்று இன்னும் கொடியில் கிடப்பதைக் காட்டினார்.